பக் நாய்க்குட்டி உங்கள் வீட்டுக்கு வரலாமா?

சுருக்கம் விழுந்த நெற்றி, கோலிகுண்டு மாதிரி உருண்டைக் கண்கள், சப்பை மூக்கு, முறுக்கு போலச் சுருண்ட வால்... யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா குட்டீஸ்? பக் நாய்தான்!

உங்கள் அப்பா, அம்மாவிடம் ‘பக்’ என்று சொன்னால் சட்டென்று புரியாமல் போகலாம். ‘ஹட்ச் நாய்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே சிரிப்பார்கள்! 2003ஆம் ஆண்டில் ஹட்ச் என்ற செல்போன் நிறுவனம் டி.வி.யில் ஒரு விளம்பரம் போட்டது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் குடுகுடுவென்று அவன் பின்னாலேயே போகும். அதில் நடித்த நாயின் பெயர் சீக்கா. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் பக் நாய்க்கு ஏகப்பட்ட கிராக்கி. 2007இல் ஹட்ச் என்ற பெயர் வோடஃபோன் என்று மாறிப்போனது. ஆனால், பக் மீதான ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.

“எனக்கும் ஒரு பக் குட்டி வாங்கித் தாங்க” என்று நீங்களும் வீட்டில் அடம் பிடிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் ‘ஆம்’, இன்னொரு பக்கம் ‘இல்லை’ என்று எழுதுங்கள். இதைப் படித்து முடிக்கும்போது அந்த நோட்டு தேவைப்படும். அதற்கு முன்னால் பக் யார், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோமா?

சீனாவில் இருந்து வந்த செல்லம்

பக் நாயின் பூர்வீகம் சீனா. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அரண்மனைகளில் செல்லமாக வளர்ந்தது. வேட்டைக்குப் போவது, ஆடு மேய்ப்பது, வீட்டைக் காவல் காப்பது போன்ற எந்த வேலையும் அதற்குக் கிடையாது. மனிதர்களின் மடியில் உட்கார்ந்து அவர்களைச் சந்தோஷப்படுத்துவது ஒன்றுதான் அதன் வேலை! இன்றைக்கும் அதே குணம்தான். பக் நாயை நம்பி வீட்டுக் காவலை ஒப்படைத்தால், திருடன் மடியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கடல் வாணிகம் செய்த டச்சுக்காரர்களோடு பக் ஐரோப்பாவுக்குப் போனது. நெதர்லாந்தில் அதற்கு ராஜ மரியாதை. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1572ஆம் ஆண்டில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் போர்க்களக் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். இரவில் ஸ்பெயின் வீரர்கள் ஓசைப்படாமல் வந்தார்கள். அவரது குட்டி நாய் குரைத்தும், முகத்தைப் பிறாண்டியும் அவரை எழுப்பிவிட்டது. இளவரசர் தப்பித்தார்! அந்த நாய் பக் இனம்தான் என்று பக் பிரியர்கள் சொல்கிறார்கள். டெல்ஃப்ட் நகரில் இருக்கும் வில்லியத்தின் கல்லறையில் அவர் சிலையின் காலடியில் ஒரு நாயின் சிலையும் இருக்கிறது.

பக் சிறிய நாய். எடை 6 முதல் 8 கிலோ வரைதான். அதன் பெருமையைச் சொல்ல லத்தீன் மொழியில் ‘மல்ட்டம் இன் பார்வோ’ என்பார்கள். ‘சின்ன உருவத்தில் நிறைய விஷயம்’ என்று பொருள். நம் ஊரில் ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்கிறோமே, அது மாதிரி!

நல்ல குணங்களைப் பட்டியல் போட்டால் நீளும். குழந்தைகளோடு பிரியமாகப் பழகும். பெரிய தோட்டம் தேவையில்லை, சின்ன வீட்டிலும் இருக்கும். எப்போது பார்த்தாலும் குரைத்துக்கொண்டே இருக்காது. பிறகு என்ன, வாங்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அதன் மூக்கைப் பற்றித் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்த மூக்கில்தான் விஷயமே!

லண்டனில் ஒரு பழைய ஓவியம் இருக்கிறது. வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1745இல் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்த படம். அந்த நாய்க்கு இன்றைய பக் போலச் சப்பை மூக்கு கிடையாது. முகம் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும்! பிறகு எப்படி இப்படி ஆனது? தட்டையான முகம் அழகு என்று மனிதர்கள் நினைத்தார்கள். தட்டை முகமுள்ள நாய்களையே தேர்ந்தெடுத்துக் குட்டி போட வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படிச் செய்யச் செய்ய, முகம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இதில்தான் சிக்கல். வெளியே எலும்பு சுருங்கிவிட்டது. ஆனால், உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. பெரிய மெத்தையைச் சின்னப் பைக்குள் திணித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பக் நாயின் வாயும் மூக்கும். நாக்கு பெரிது. மேல் அண்ணத்தின் சதை நீளமாகத் தொங்கித் தொண்டையை அடைக்கும். மூக்குத் துவாரங்களோ பல நாய்களுக்குக் கீறல் போலக் குறுகியிருக்கும். காற்று உள்ளே போகவே கஷ்டம்.

இளநீர் குடிக்கும் ஸ்டிரா தெரியும் அல்லவா? அந்த ஸ்டிரா வழியாக மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். (நினைத்துப் பார்த்தால் போதும், செய்து பார்க்கக் கூடாது!) பல பக் நாய்களுக்கு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போகிறது.

“எங்க பக்கத்து வீட்டு பக் தூங்கும்போது தாத்தா மாதிரி குறட்டை விடும், சிரிப்பா இருக்கும்” என்று சிலர் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், அது மூச்சுக்குழாய் அடைபடும் சத்தம். சில பக் நாய்கள் உட்கார்ந்தபடியே தூங்கும். சில நாய்கள் வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்கும். படுத்தால் மூச்சு முட்டும், வாயை மூடினால் காற்று வராது என்பதுதான் காரணம். இப்படிப்பட்ட நாய்களுக்கு மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, அண்ணத்துச் சதையை வெட்டி, கால்நடை மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்வதும் உண்டு.

லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பக் நாய்களையும் மற்ற நாய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மற்ற நாய்களைவிட பக் நாய்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 2022இல் அறிவித்தார்கள். பக் நாய்க்கு ராஜ மரியாதை கொடுத்த நெதர்லாந்து என்ன செய்திருக்கிறது தெரியுமா? மூக்கு மிகவும் குட்டையான நாய்களைக் குட்டி போட வைக்கச் சட்டப்படி தடை போட்டிருக்கிறது!

வெயில் வந்தால் என்ன ஆகும்?

நமக்கு வெயிலில் வியர்க்கும். வியர்வை காய்ந்து ஆவியாகும்போது உடம்பு குளிர்ச்சியாகும். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகி, உள்ளே இருக்கும் தண்ணீர் சில்லென்று ஆகிறதே, அதே தத்துவம்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அதனால் நாக்கைத் தொங்கப் போட்டு ‘ஹ... ஹ...’ என்று வேகமாக மூச்சு விடும். வாய், நாக்கு, மூக்கின் உள்பக்கம் ஆகியவற்றில் இருக்கும் ஈரம் ஆவியாகி, சூடு வெளியேறும்.

நீளமான மூக்குள்ள நாய்க்கு உள்ளே நிறைய இடம் இருக்கும். சீக்கிரம் குளிர்ந்துவிடும். பக் நாய்க்கு அந்த இடமும் குறைவு, காற்று போகும் வழியும் குறுகல். அதனால் எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் சூடு குறையாது. வேகமாக மூச்சு விடும் சிரமத்திலேயே உடம்பு இன்னும் சூடாகும்! சித்திரை, வைகாசி மாத வெயிலில் நமக்கே தலை சுற்றுகிறது. பக் நாய்க்கு அந்த வெயில் உயிரையே எடுத்துவிடும். தட்டை முகமுள்ள நாய்களைச் சரக்கு அறையில் ஏற்ற விமான நிறுவனங்கள் பலவும் மறுப்பதற்கும் இதுதான் காரணம்.

நோட்டை எடுங்கள்!

இப்போது ஏழு கேள்விகள். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, உண்மையான பதிலை எழுதுங்கள்.

1. வெயில் நேரத்தில் வீட்டுக்குள் குளிர்ச்சியான இடம் இருக்கிறதா?
பக் நாயை மொட்டை மாடியிலோ, வாசலிலோ கட்டிப் போடவே கூடாது. எப்போதும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். காற்றோட்டமான அறை, மின்விசிறி, நாள் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் ஆகியவை வேண்டும். கோடையில் தகிக்கும் வீடாக இருந்தால் ஏ.சி.கூடத் தேவைப்படலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள்.

2. காலை வெயில் ஏறுவதற்கு முன்னும், மாலை வெயில் தாழ்ந்த பிறகும் நடக்கக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா?
ஒரு சின்னப் பரிசோதனை. புறங்கையை ஏழு விநாடி தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். கை சுட்டால், நாயின் பாதமும் சுடும். அன்றைக்கு அந்த நேரத்தில் நடை வேண்டாம். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் பக் நாய்க்கு மூச்சு இன்னும் அடைக்கும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் அதற்கு நல்லது.

3. “ஒரே ஒரு பிஸ்கட்” என்று அது கெஞ்சினால் மறுக்க முடியுமா?
பக் சரியான சாப்பாட்டு ராமன். எவ்வளவு போட்டாலும் தின்னும், உடனே குண்டாகிவிடும். குண்டானால் மூச்சு இன்னும் திணறும். வீட்டில் பாட்டி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு ஊட்டக் கூடாது. சாக்லெட், திராட்சை, வெங்காயம் மூன்றும் எந்த நாய்க்கும் விஷம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

4. தினமும் முகத்தைச் சுத்தம் செய்யப் பொறுமை இருக்கிறதா?
அந்த அழகான சுருக்கங்களுக்குள் அழுக்கும் ஈரமும் தங்கும். துடைக்காவிட்டால் புண் வந்து நாற்றமடிக்கும். மெல்லிய துணியால் ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்து ஈரம் போகக் காயவைக்க வேண்டும். கண்கள் வெளியே பிதுங்கியிருப்பதால் தூசி, முள், பூனை நகம் எது பட்டாலும் காயமாகும். இன்னொன்று, குட்டையான முடிதானே என்று நினைக்காதீர்கள். சோபா, பாய், யூனிபார்ம் எல்லாவற்றிலும் முடி கொட்டும்!

5. பகல் முழுவதும் வீட்டில் யாராவது இருப்பார்களா?
மடியில் உட்காருவதற்காகவே வளர்ந்த இனம் என்று பார்த்தோம் அல்லவா? அப்பா, அம்மா வேலைக்கு, நீங்கள் பள்ளிக்கு என்று எல்லோரும் போய்விட்டால் பக் ஏங்கிப் போகும்.

6. மருத்துவச் செலவுக்குப் பணம் ஒதுக்க முடியுமா?
குட்டியின் விலையோடு செலவு முடிந்துவிடாது. தடுப்பூசி, பூச்சி மருந்து, சாப்பாடு ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் பணம் வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியைக் கட்டாயம் போட வேண்டும். சென்னை மாதிரி ஊர்களில் மாநகராட்சியிடம் உரிமமும் வாங்க வேண்டும். பக் நாய்க்கு மூச்சு, கண், தோல் என்று மருத்துவரிடம் போகும் வேலை அதிகம். இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதாதீர்கள். அப்பா, அம்மா எழுதட்டும்.

7. நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகும் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?
ஆரோக்கியமான பக் 12 ஆண்டுகள், அதற்கு மேலும் வாழும். இப்போது உங்களுக்கு 10 வயது என்றால், அதற்கு வயதாகும்போது உங்களுக்கு 22. நீங்கள் விடுதியில் இருக்கலாம். வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம். அப்போது அது யாருடைய நாய்?

எத்தனை ‘ஆம்’ வந்தது?

ஏழுக்கு ஏழு ‘ஆம்’ வந்ததா? சபாஷ்! உங்கள் வீட்டில் பக் சுகமாக இருக்கும். ஆனால், குட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* போட்டோவைப் பார்த்தோ, சந்தையில் கூண்டுக்குள் பார்த்தோ வாங்காதீர்கள். குட்டி பிறந்த இடத்துக்குப் போய்த் தாய் நாயையும் பாருங்கள். தாய் மூச்சு வாங்கினால் குட்டிக்கும் அந்தச் சிக்கல் வரலாம்.

* மூக்குத் துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறதா, மூக்கு கொஞ்சமாவது முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘எவ்வளவு சப்பையோ அவ்வளவு ஒரிஜினல்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

* குட்டியை ஐந்து நிமிடம் விளையாட விட்டு, பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘கர்... கர்...’ என்று சத்தம் வந்தால் வேண்டாம்.

* 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நாய் வளர்த்து விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

* ஆசையாக வாங்கிவிட்டு, பிறகு வளர்க்க முடியாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வளர்ந்த பக் ஒன்றுக்கு நீங்கள் வீடு கொடுக்கலாம்.

ஒன்றோ இரண்டோ ‘இல்லை’ வந்ததா? அவற்றை மாற்ற முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். மாற்றிய பிறகு குட்டி வாங்கலாம், அவசரமில்லை.

மூன்றுக்கு மேல் ‘இல்லை’ வந்ததா? அப்படியானால் பக் உங்களுக்கு வேண்டாம். முகத்தைத் தொங்கப் போடாதீர்கள்! உங்களுக்கு வேறு நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.

நீள மூக்கு நண்பர்கள்

நம் தெருவில் திரியும் நாட்டு நாயைக் கவனித்திருக்கிறீர்களா? நீளமான மூக்கு, குட்டையான முடி, மெலிந்த உடம்பு. நம் ஊர் வெயிலுக்கென்றே அமைந்த உடல்! ஊசி போட்டு, அன்பாக வளர்த்தால் அது எந்த வெளிநாட்டு நாய்க்கும் இளைத்ததில்லை. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் ஆதரவில்லாத நாய்களைத் தத்து எடுக்கலாம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டுக்கே சொந்தமான இனங்களும் இருக்கின்றன. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் இடம்பிடித்தது. ஆனால், இவை ஓடி ஆடத் திறந்த இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குள் அடைத்தால் இவையும் வாடிவிடும். எந்த நாயாக இருந்தாலும் கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டி வர வேண்டும்.

ஏற்கெனவே பக் வளர்க்கிறீர்களா?

இந்த அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: விடாமல் வேக வேகமாக மூச்சு வாங்குவது, எச்சில் கெட்டியாக ஒழுகுவது, நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறுவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது. இவை வெப்பத் தாக்குதலின் அடையாளம். ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நாயை நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடம்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முகத்தில், மூக்கில் ஊற்ற வேண்டாம். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. அப்படியே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அப்புறம், மூடிய காருக்குள் நாயை ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஏழு நாள் பரீட்சை

ஏழு ‘ஆம்’ வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒரு பரீட்சை. நாளையில் இருந்து ஏழு நாட்கள், உங்கள் வீட்டில் ஒரு பக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள். இரவு பத்து நிமிடம் ஒரு பொம்மையின் முகத்தை ஈரத் துணியால் துடையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்கவும், மழை பெய்தால் நடையைத் தள்ளிப் போடவும் அனுமதி இல்லை. தினமும் நோட்டில் டிக் அடியுங்கள்.

எட்டாம் நாள் அந்த நோட்டை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். ஏழு டிக்கும் இருந்தால், குட்டி வாங்குவதைப் பற்றி அவர்களிடம் தைரியமாகப் பேசலாம். மூன்றாம் நாளே நோட்டு காணாமல் போய்விட்டதா? பரவாயில்லை. இப்போதே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. இன்னும் ஒரு வருடம் கழித்து மறுபடியும் எழுதிப் பாருங்கள்!